தைத்த முழங்காலோடு மறுபடியும் பனிக்கு

ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்குப் பருவம், குளிர்காலம் பிறக்கும் ஜூன் மாத நீண்ட வார இறுதியில் தொடங்கும் என்பார்கள். அன்றைக்குப் பெரும்பாலும் பனி இருக்காது. மலை முழுவதும் பழுப்புப் புல்லும் கல்லுமாகக் கிடக்கும். இரவிரவாக இயந்திரங்கள் துப்பிய பனியை ஒடுக்கமான ஒரு பட்டையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டையில் சறுக்குவதற்காகச் சிட்னியிலிருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓடிப் போகிறவர்களுக்கு விசர் என்று அக்கா சொல்வார். போன வருடம் அந்த விசர் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முந்திய வருடம்தான் அதே மலையில் என் வலது முழங்கால் கிழிந்திருந்தது.

நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். கலியாணம் கட்டவில்லை. சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவரும் அத்தானும் பக்கத்துக் கிரவீனில் இருக்கிறார்கள். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர்கள் அவர்கள்தான். வந்த புதிதில் நாலு வருடம் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். இன்றைக்கும் கிரவீனில், பெண்டில்ஹில்லில் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் என்னை அக்காவின் தங்கச்சி என்றுதான் தெரியும்.

பனிச்சறுக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி. கோயம்புத்தூர்க்காரி, கெல்லிவில்லில் வீடு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் குளிர் பிடிக்காது என்பதால் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது நாற்பது வயது. முதல் நாள் முழுவதும் விழுந்து எழும்பினேன். அடுத்த நாள் மத்தியானம், ஒரு சின்னச் சரிவில், நான் நினைத்த இடத்தில் திரும்பி நினைத்த இடத்தில் நின்றேன். வேலையில் பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் போனேன். அந்த மலையில் என்னை யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் ஏதோ சிகரத்திலிருந்து உருண்டு விழுந்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் விழுந்தது கிட்டத்தட்டத் தட்டையான ஓர் இடத்தில். பின்னேரம், எல்லாம் முடிந்து, கார் நிறுத்தும் பக்கமாக மெதுவாக வந்துகொண்டிருந்தேன். தோழி முன்னால் போய்விட்டாள். என் வலப்பக்கப் பலகையின் விளிம்பு ஈரப் பனியில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுகிற நேரத்தில் சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டு கழன்று விட வேண்டும். நான் மெதுவாக வந்த வேகத்துக்கு அது கழலவில்லை. முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் சுள்ளி முறித்ததைப்போல.

தசைநார் முழுவதும் அறுந்திருந்தது. குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. சத்திர சிகிச்சை செய்து இரண்டையும் தைத்தார்கள். குருத்தெலும்பைத் தைத்ததால் ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏற முடியாது. அதனால் மருத்துவமனையிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா அந்த மாதம் கனடா போக இருந்தார். எங்கள் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, மூன்று சேலைக்குச் சட்டை தைப்பித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் நிற்பாட்டினார். "அத்தானும் நீங்களும் போட்டு வாங்கோ. நான் ஒரு நர்ஸை ஒழுங்கு செய்யிறன்" என்று சொன்னேன். "தங்கச்சியை வெள்ளைக்காரியிட்ட விட்டுட்டு நான் கலியாண வீட்டில போய் நிண்டு சிரிக்கிறதோ?" என்றார்.

அக்கா என்னை நன்றாகத்தான் பார்த்தார். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை. காலுக்குக் கீழே தலையணைகளை அடுக்கி வைப்பார். காலைப் பொலித்தீன் பையால் சுற்றி, குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையில் என்னை இருத்தி, முழுக வார்த்து, தலை துவட்டி விடுவார். சோறு அளவாகக் குழைத்துக் கொண்டுவருவார். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்ட வீட்டில் அவருக்கு மறுபடியும் ஒரு பிள்ளை கிடைத்ததைப்போல் இருந்தது.

ஆனால் காலையில் எழும்பியதும் குசினியிலிருந்து தொலைபேசிச் சத்தம் கேட்கத் தொடங்கும். கனடா, லண்டன், கொழும்பு என்று ஒவ்வொரு இடமாக எடுத்து என்னைப் பற்றிச் சொல்வார். நான் முன்னறையில் படுத்திருப்பேன். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்கும்.

"கக்கூசுக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போறன்."

அப்படி இல்லை. இரண்டாம் நாளிலிருந்தே ஊன்றுகோலில் நானாகத்தான் போனேன்.

"நாப்பத்தஞ்சு வயசில பனிக்க விளையாடப் போனவ. ஒரு புருசன் பிள்ளை எண்டு இருந்திருந்தா இப்பிடி அலைய மாட்டா. என்ன செய்யிறது, நான்தானே பாக்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வருவார்கள். கோயிலால் வருகிற வழியில், கையில் ஏதாவது சாப்பாட்டோடு. அக்கா அவர்களை நேரே என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு தடவை நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். என்னைக் கேட்காமல் போர்வையை விலக்கி, முழங்காலில் கட்டியிருந்த பட்டியைத் தளர்த்தி, தையலை அவர்களுக்குக் காட்டினார். வந்திருந்த அங்கிள் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். என் தொடையில் பாதி தெரிந்தது. நான் போர்வையை இழுத்தேன். "வெக்கப்படாத, எல்லாம் எங்கட ஆக்கள்தானே" என்று அக்கா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் குழைத்துத் தந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு என்ன சொல்வது? ஊன்றலாம் என்று சொன்ன அடுத்த கிழமையே மெரிலேண்ட்ஸுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு படியிலும் குந்தி இருந்து இருந்துதான் மேலே ஏறினேன். அக்கா கீழே நின்று, "அவசரப்பட்டு என்ன கண்டாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தப் படிகளே எனக்குப் பயிற்சியாகின. ஒற்றைக்காலில் குந்தி எழும்புவது, ஒற்றைக்காலில் துள்ளுவது என்று மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தந்த பெண் காட்டியதையெல்லாம் வேலைக்குப் போகுமுன் செய்தேன். மே மாதம் இரண்டு காலையும் அளந்து பார்த்துவிட்டு, வித்தியாசம் அதிகமில்லை என்றாள். சத்திர சிகிச்சை செய்தவரும், பனிக்குப் போகலாம், ஆனால் தொடக்கக்காரர்களின் சரிவில் தொடங்கு என்றார்.

அதை அக்காவிடம் சொல்லாமல் போயிருக்கலாம். ஒளித்துப் போகிற வயதில்லை என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை குசினியில் வைத்துச் சொன்னேன்.

"ஜூன்ல போகலாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "எங்க?"

"பனிக்கு."

கத்தி நின்றது. "பகிடி விடுறியோ?"

"இல்லை அக்கா. சின்னப் பிள்ளையள் பழகிற இடத்திலதான். மெதுவாத் தொடங்கப் போறன்."

"அப்ப நான் என்னத்துக்கு உன்னைப் பாத்தனான்? திரும்பப் போய் முறிக்கிறதுக்கோ?"

"முறிக்கப் போகேல்லை."

"நான் அந்தக் கலியாணத்துக்குப் போகேல்லை. தெரியுமோ உனக்கு? அந்தப் பிள்ளை பிறந்ததில இருந்து எனக்குப் படம் அனுப்பினவை. நான் போகேல்லை."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சும் போறாய்."

முன்னறையிலிருந்து அத்தான், "விடுமப்பா, அவவும் வளந்த ஆள்தானே" என்றார். அக்கா வெங்காயத்தை வெட்டி முடித்து, சட்டியில் கொட்டி, நான் போகும்வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லாமல் அவர் என்னை அனுப்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஜூன் நீண்ட வார இறுதி வந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தோழியின் காரில் புறப்பட்டோம். வழியில் கூமா என்ற ஊரைத் தாண்டும்போது வெளியே புல்லில் உறைபனி படியத் தொடங்கியிருந்தது. தோழி வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா கோவமா இருக்காங்களா?"

"ஓம்."

"விடுங்க. பாசத்துலதான் கோவப்படுறாங்க. எங்க வீட்லயும் இதே கதைதான்."

அவள் வீட்டில் இதே கதை இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கால் முறிந்தால் பார்க்கக் கணவன் இருக்கிறான். நான் கிரவீனில் கிடந்த ஆறு கிழமையில் அவள் இரண்டு தடவை வந்தாள், பழக்கூடையோடு. அவளில் பிழை இல்லை. அவளுக்கும் வேலை, பிள்ளைகள். இருந்தாலும், பாசம் என்று அவள் அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலையடிவாரத்து ஜிண்டபைனில் இரவு தங்கி, காலையில் பலகை வாடகைக்கு எடுக்கப் போனோம். நிறை, உயரம், வயது எல்லாம் கேட்டுவிட்டு, எந்தளவுக்குச் சறுக்குவாய் என்று கடைக்காரப் பையன் கேட்டான். புதிதாகப் பழகுகிறவள் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் பூட்டை இலகுவாகக் கழலும்படி வைப்பார்கள். ஐந்து வருடம் சறுக்கிய பிறகு அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. சப்பாத்துக்குள் காலை நுழைத்துக் கொளுவிகளை இறுக்கியபோது கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஏறிய வலி பழைய வலிதான். அந்தச் சப்பாத்து எல்லோருக்கும் அப்படித்தான் வலிக்கும். எனக்கு வியர்த்தது.

தொடக்கக்காரர்களின் சரிவுக்கு மேலே போக, ஏறி நின்றால் மேலே நகர்த்திக்கொண்டு போகிற ஒரு ரப்பர்ப் பட்டி இருக்கிறது. எனக்கு முன்னாலும் பின்னாலும் என் இடுப்பளவு பிள்ளைகள். கீழே ஒரு பயிற்றுநர், "பீட்சா! பீட்சா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் ஒரு பீட்சாத் துண்டின் வடிவம் வரும், வேகம் குறையும். அதுதான் பிள்ளைகளுக்கு முதல் பாடம். நான் மேலே போய் நின்றேன். அந்தச் சரிவு ஒரு வீட்டுக்கு முன்னால் கார் ஏறுகிற சரிவைவிடக் கொஞ்சம்தான் கூட. என்னால் அசைய முடியவில்லை.

காலில் வலி எதுவும் இல்லை. பலமும் இருந்தது, மூன்று மாடி ஏறி ஏறி வளர்த்த பலம். ஆனால் நுனியைக் கீழ்ப்பக்கம் திருப்ப நினைத்தவுடனே உடம்பு பின்னால் சாய்ந்தது. பின்னால் சாய்ந்தால் விழுவோம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சாய்ந்தேன். தோழி பெரிய கதிரை லிஃப்ட் பக்கம் கை காட்டி, "நான் ரெண்டு ரவுண்ட் போயிட்டு வர்றேன், நீங்க பழகிட்டு இருங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

கடைசியில் பீட்சாப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால், நகர்ந்து நகர்ந்து கீழே வந்தேன். வலப்பக்கம் திரும்ப முடிந்தது. இடப்பக்கம் திரும்புவதற்கு வலது காலில் பாரம் ஏற்ற வேண்டும். ஏற்ற மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் வலப்பக்க ஓரத்துக்குப் போய், கயிற்று வேலியைப் பிடித்து நின்று, கையால் தள்ளித் திரும்பினேன். ஒரு தாய் தன் பிள்ளையிடம், அந்த அன்ரிக்கு வழி விடு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளை வழி விட்டது.

அக்காவை நினைக்காமல் சறுக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் அந்தக் காலை முழுவதும் என் தலைக்குள் அக்காதான் இருந்தார். விழுந்தால் குசினியில் நின்று யார் யாருக்கு எடுப்பார், என்ன சொல்வார் என்பதெல்லாம் சொல்லுக்குச் சொல் எனக்குக் கேட்டது. முழங்கால் திரும்ப முறிவதைவிட அந்த முன்னறையில் திரும்பப் போய்க் கிடப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அது தெளிவாகத் தெரிந்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே வலது காலில் பாரத்தை ஏற்றினேன். இடப்பக்கம் திரும்பினேன். அழகான திருப்பம் என்று சொல்ல முடியாது. பலகை கிறீச்சிட்டது. ஆனால் கால் பாரத்தைத் தாங்கிப் பிடித்தது.

அடுத்த நாளும் மத்தியானம்வரை அதே சரிவில்தான் நின்றேன். பிறகு தோழியோடு லிஃப்டில் ஏறி, அந்த ஒடுக்கமான பட்டை வழியே ஒரு தடவை கீழே வந்தேன். இரண்டு பக்கமும் சேறும் கல்லும். பட்டையின் நடுவே எங்களைப்போல் ஆயிரம் பேர் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே வந்து நின்றதும் தோழி கட்டிப் பிடித்தாள்.

"சூப்பர்ங்க! எப்படி இருந்துச்சு?"

"கால் தாங்கிப் பிடிச்சது" என்றேன். பழைய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது வரவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் சிட்னிக்கு வந்ததும் என் காரை எடுத்துக்கொண்டு நேரே கிரவீனுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முழுசாக வந்திருக்கிறேன் என்று காட்டப் போனேன் என்று நினைக்கிறேன். வீட்டில் கோயிலால் வந்த இரண்டு அன்ரிமார் இருந்தார்கள். வடையும் தேநீரும் நடந்துகொண்டிருந்தது.

"வந்திட்டா" என்றார் அக்கா, அவர்களைப் பார்த்து. "கால் இருக்கோ எண்டு பாருங்கோ."

அன்ரிமார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இனி விழுந்தா வேற ஆரும் பாக்கட்டும். என்ர வீட்டில இடமில்லை. ஒருக்கா பாத்ததே போதும்."

அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அவர்களிடம் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன், கதிரை காட்டுகிற ஆளில்லாமல்.

"அக்கா, நீங்கள் என்னைப் பாத்ததைவிட என்னைப் பற்றிக் கதைச்சதுதான் கூட" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னனி?"

"என்ர போர்வையைத் தூக்கி எத்தினை பேருக்குக் காட்டினீங்கள்? என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ? விடிஞ்சா எழும்பினா நான் கக்கூசுக்குப் போனது கனடாவுக்குத் தெரியும்."

ஒரு அன்ரி கைப்பையைத் தேடத் தொடங்கினார். அக்காவின் முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"உனக்கு முழுக வாத்தது ஆர்?"

"நீங்கள்தான்."

"காலைத் தூக்கித் தூக்கித் தலகாணி வைச்சது ஆர்?"

"நீங்கள்தான் அக்கா."

"அப்ப வாயைப் பொத்து."

அத்தான் குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றார். எனக்கும் ஒரு கோப்பை இருந்தது அதில். நான் எடுக்கவில்லை. காரில் ஏறி அந்தத் தெரு முனைக்குப் போனதும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் கேட்டதிலும் பொய்யில்லை. மனம் ஆறவே இல்லை.

அந்தக் கிழமைக்குள் கனடாவிலிருந்து மச்சாள் செய்தி அனுப்பினாள், அக்காவோடு என்ன பிரச்சினை என்று கேட்டு. என்னிடமிருந்து பதில் வருமுன்னரே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நன்றி கெட்டவள் என்ற சொல்லை அவள் எழுதவில்லை. அதைச் சுற்றித்தான் எழுதியிருந்தாள்.

ஜூலையிலும் ஓகஸ்டிலும் இரண்டு தடவை பனிக்குப் போனேன். அப்போது உண்மையான பனி விழுந்து மலை வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் திரும்ப முடிந்தது, நடுத்தரச் சரிவுகளிலும் இறங்கினேன். ஆனால் பின்னேரம் கார் நிறுத்தும் பக்கமாக வரும்போது, நான் விழுந்த அந்தத் தட்டையான இடத்தில் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். "அவ்ளோ பெரிய மலையில எறங்கிட்டு இங்க போய் நடக்குறீங்களே!" என்று தோழி சிரித்தாள்.

செப்டெம்பரில் பெண்டில்ஹில் கடையொன்றில் மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்குக் கைப்பையைத் தேடிய அன்ரி என்னைக் கண்டார். "அக்காக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். ஒப்பரேசன் நடந்ததே எனக்குத் தெரியாது. "சுகம் அன்ரி" என்று சொல்லிவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போய் மீன் குழம்பும் சோறும் சமைத்து எடுத்துக்கொண்டு கிரவீனுக்குப் போனேன். அத்தான் கதவைத் திறந்தார். அக்கா முன்னறையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார்.

"ஆர் சொன்னது உனக்கு?"

"கடையில கேள்விப்பட்டனான். ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா, நான் ஊரெல்லாம் கதைக்கிறனெண்டு சொல்லுவாய்."

மேசையில் மூன்று சொட்டு மருந்துப் போத்தல்கள் இருந்தன. என் வேலையே அதுதான். ஒன்றைக் கையில் எடுத்து, "நான் போட்டு விடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவர் போடுவார்."

அத்தானுக்குக் கை நடுங்கும். அவர் போடும்போது பாதி மருந்து கன்னத்தில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்கா துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மழை பற்றி அத்தான் கதைத்தார். பிறகு, போட்டு வாறன் என்று எழும்பினேன். அக்கா, "ஓம், போட்டு வா" என்றார், சுவரைப் பார்த்தபடி.

அத்தான் கார்வரைக்கும் வந்தார். "கொஞ்ச நாள் போகட்டும் பிள்ளை. அவ அந்தக் கலியாணத்தை இன்னும் மறக்கேல்லை."

"நானும் மறக்கேல்லை அத்தான்" என்றேன்.

வழக்கமாகக் கிரவீனில்தான் எனக்குத் தீபாவளி. அந்த வருடம் அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போனேன்.